எப்ஸ்டீன் இதயக் கோளாறு அறுவையில் மயக்க மருந்துப் பராமரிப்பு: முந்தின நாள் மாலை முதல் ஐசியூ வரை

இதய அறுவை அரங்கில் பல வருடம் நின்ற மயக்க மருத்துவரைக் கேட்டாலும், தான் பார்த்த எப்ஸ்டீன் கேஸ்களை விரல்விட்டு எண்ணிவிடுவார். பிறவி இதயக் கோளாறுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இது தேறாது. அபூர்வமாக வருவதால் கை பழகுவதில்லை. மற்ற இதய அறுவைகளில் வந்த பழக்கமோ சில இடங்களில் நம்மையே கவிழ்த்துவிடும். அப்படிக் கவிழ்க்கும் இடங்களில் கொஞ்சம் நின்று, மற்றவற்றை வேகமாகக் கடந்து எழுதியிருக்கிறேன். இதயக் குழுவில் புதிதாகச் சேர்ந்த மயக்க மருத்துவர்களுக்காக எழுதியது இது. மருந்தளவுகள் பொதுவாக வழக்கத்தில் இருப்பவை. உங்கள் துறையின் நெறிமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையில் எடுக்க வேண்டும்.

முதலில், இந்த இதயத்தில் என்ன கோளாறு?

1866இல் வில்ஹெல்ம் எப்ஸ்டீன் என்ற ஜெர்மன் மருத்துவர், ப்ரெஸ்லாவ் நகரில் இறந்துபோன 19 வயதுத் தொழிலாளி ஒருவரின் இதயத்தைத் திறந்து பார்த்து எழுதிவைத்தார். வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்க வேண்டிய மூவிதழ் வால்வு அதன் இடத்தில் இல்லை. கருவில் வளரும்போது இந்த வால்வின் இதழ்கள் கீழறைச் சுவரிலிருந்து உரிந்து பிரிய வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால், இதழ்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழ்நோக்கி இறங்கியே நின்றுவிடும். நடுச்சுவரை ஒட்டிய இதழ், இடது பக்க மைட்ரல் வால்வின் இதழ் இருக்கும் இடத்தைவிட உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 8 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் எக்கோவில் எப்ஸ்டீன் என்று உறுதி செய்வார்கள்.

இதனால் வலது கீழறை இரண்டாகப் பிரிகிறது. வால்வுக்கு மேலே மாட்டிக்கொண்ட பகுதி பெயரளவில் கீழறை, வேலையில் மேலறை. கீழே மிஞ்சியதுதான் நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் உண்மையான கீழறை. அதுவும் சிறியது, சுவர் மெல்லியது. வால்வு மூடாமல் கசிவதால் மேலறை பலூன் மாதிரி ஊதிவிடும். பெரும்பாலானோருக்கு மேலறைகளுக்கு நடுச்சுவரில் ஒரு துளையும் இருக்கும். வலது பக்க அழுத்தம் ஏறினால் அசுத்த ரத்தம் அந்தத் துளை வழியே இடது பக்கம் பாய்ந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மேலறையையும் கீழறையையும் இணைக்கும் கூடுதல் மின்பாதை உண்டு. உல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் என்று நாம் படித்தது அதுதான்.

ஆக, நோஞ்சானான ஒரு வலது கீழறை, எப்போது வேண்டுமானாலும் திசை மாறும் ஒரு துளை, சீண்டினால் துள்ளும் ஒரு மின்பாதை. மூன்றையும் கிளறாமல் அறுவையைக் கடப்பதுதான் நம் வேலை.

படி 1: முந்தின நாள் மாலை

எக்கோ அறிக்கையில் கசிவு கடுமையா இல்லையா என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் தேட வேண்டியது வேறு: உண்மையான வலது கீழறை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எப்படிச் சுருங்குகிறது, துளையில் ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது, இடது கீழறை நசுங்கியிருக்கிறதா. எம்ஆர்ஐ எடுத்திருந்தால் அளவுகள் இன்னும் நம்பகமாக இருக்கும்.

ஈசிஜியை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள். டெல்டா அலை (கூடுதல் மின்பாதையைக் காட்டிக்கொடுக்கும் சாய்வான தொடக்கம்) இருக்கிறதா? படபடப்பு வந்து மயங்கி விழுந்த கதை உண்டா? மின்பாதையை வடிகுழாய் வழியே முன்பே சுட்டிருந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். எப்ஸ்டீனில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருப்பது சகஜம். துடிப்பை அடக்கும் மருந்து சாப்பிட்டுவந்தால், அறுவை நாள் காலையிலும் அதை நிறுத்தக் கூடாது.

நீலம் பாரித்த நோயாளிக்கு ரத்தம் கெட்டியாக இருக்கும். இங்கே பலர் கோட்டைவிடும் ஒரு சின்ன விஷயம்: ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 55க்கு மேல் போனால், உறைதல் பரிசோதனைக் குழாயில் இருக்கும் உறைதடுப்பியான சிட்ரேட், அந்தக் குறைந்த பிளாஸ்மாவுக்கு அதிகமாகிவிடும். ரத்தம் உறையவே இல்லை என்று முடிவு பொய்யாக வரும். சிட்ரேட் அளவைக் குறைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தேவையே இல்லாமல் பிளாஸ்மா ஏற்ற வேண்டிவரும்.

அதே கெட்டி ரத்தத்துக்காகத்தான் பட்டினி விஷயத்திலும் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன். திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தெளிந்த நீர் 2 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. கெடுதல் பெரும்பாலும் இந்தக் கணக்கை மீறிப் பட்டினி போடுவதால்தான் வருகிறது. அறுவை தள்ளிப்போனால் வார்டுக்கு ஆள் அனுப்பி, தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது டிரிப் போடச் சொல்லுங்கள். வறண்ட உடலில் கெட்டி ரத்தம் எங்கே வேண்டுமானாலும் உறையும்.

படி 2: அரங்கைத் தயார் செய்வது

டிஃபிப்ரிலேட்டர் ஒட்டுப்பட்டைகளை மயக்கம் கொடுப்பதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். மார்பைத் துணியால் மூடியபிறகு துடிப்பு ஓடினால் (கட்டுமீறி வேகமெடுத்தால்) அப்புறம் ஒட்ட இடம் தேட முடியாது. துடிப்பை அடக்கும் அடினோசின், அமியோடரோன் இரண்டையும் சிரிஞ்சில் எடுத்து, எடைக்கான அளவை எழுதி, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நுரையீரல் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடின் கருவியைச் சோதித்து அரங்குக்குள்ளேயே நிறுத்திவிடலாம். பம்பை (இதய-நுரையீரல் இயந்திரத்தை) விட்டு வெளிவரும் நேரத்தில் அது வேறு மாடியில் இருந்து லிஃப்டுக்காகக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் காற்றுக்குமிழிகள். துளை வழியே வலமிருந்து இடம் ரத்தம் போகிற இதயத்தில், டிரிப் குழாயில் இருக்கும் குமிழிக்கு நுரையீரல் என்ற வடிகட்டி கிடையாது. நேராக மூளைக்கோ கொரோனரிக்கோ போகலாம். மூவழி அடைப்பான்களின் மூலைகளில் ஒட்டியிருக்கும் கடுகளவுக் குமிழியைக்கூடத் தட்டி வெளியேற்றுங்கள். ஒவ்வொரு ஊசியிலும் முதலில் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, கடைசித் துளியை உள்ளே தள்ளாமல் நிறுத்த வேண்டும். மருந்து தருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

படி 3: மயக்கம் கொடுப்பது

பயந்து அழும் குழந்தைக்கு நுரையீரல் அழுத்தம் ஏறும், துடிப்பும் ஓடும். ஆகவே முன்மருந்து நல்லதுதான். வாய்வழி மிடசோலாம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வரை தரலாம். ஆனால் தூங்கி மூச்சு குறைந்தால் கரியமில வாயு சேர்ந்து அதே நுரையீரல் அழுத்தம் வேறு வழியில் ஏறிவிடும். அதனால் மருந்து கொடுத்த நிமிடத்திலிருந்து ஆக்ஸிமீட்டரும் ஓர் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மருந்தைச் சிரைவழி செலுத்துகிறீர்கள். பத்து நொடி. இருபது நொடி. குழந்தை இன்னும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முப்பது நொடி. கை தானாகச் சிரிஞ்சுக்குப் போகும். பயிற்சிக் காலத்தில் என் கை அப்படிப் போனது. இன்னொரு மடங்கு கொடுத்தேன். அடுத்த நிமிடத்தில் இரண்டு மடங்கும் சேர்ந்து வந்து இறங்க, ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போனது. என் மூத்தவர் ஒன்றும் திட்டவில்லை. கடிகாரத்தைக் கையால் காட்டிவிட்டு, அழுத்தத்தை ஏற்றும் ஃபீனைல்எஃப்ரின் கொடுத்தார்.

காரணம் எளிது. ஊதிய மேலறை ஒரு குளம் மாதிரி. மருந்து ஓடிவந்து அந்தக் குளத்தில் கலந்து, கசியும் வால்வால் முன்னும் பின்னும் அலைந்து, மெதுவாகத்தான் வெளியேறும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைப்பது தவறு, இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சிறு சிறு பங்காகக் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். மயக்க வாயு கொடுத்தாலும் இதே பொறுமைதான். நுரையீரலைத் தவிர்த்துப் போகும் ரத்தம் வாயுவை எடுத்துச் செல்லாது.

எந்த மருந்து என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. எட்டோமிடேட் இதயத்தை அதிகம் அமுக்காது. கீட்டமின் அழுத்தத்தைக் காக்கும். ஆனால் மின்பாதை இருப்பவரிடம் துடிப்பை ஓடவிடும் என்பதால் அங்கே எனக்குத் தயக்கம். ஃபென்டனில் நல்ல துணை. புரோபோஃபால் தவறில்லை, ஆனால் மொத்தமாகத் தள்ளினால் உடல் ரத்தக்குழாய்கள் விரிந்து, துளையில் ரத்தம் இடப்பக்கம் பாய்ந்து, ஆக்ஸிஜன் அளவு சரியும்.

குழாய் போட்டபிறகு குறிக்கோள்கள்: ஆக்ஸிஜன் தாராளம், கரியமில வாயு இயல்பிலோ சற்றுக் கீழோ, அமிலத்தன்மை கூடாது, உடல் குளிரக் கூடாது, மூச்சு அழுத்தம் குறைவு. எல்லாமே நுரையீரல் ரத்தக்குழாய்களைத் தளரவைத்து வலது கீழறையின் சுமையைக் குறைப்பதற்குத்தான். திரையில் வரும் வெளிமூச்சுக் கரியமில வாயு அளவை மட்டும் நம்பாதீர்கள். நுரையீரலுக்குப் போகாத ரத்தம் இருக்கும்வரை அது உண்மையான அளவைவிடக் குறைத்துத்தான் காட்டும். தமனி ரத்தம் எடுத்து ஒருமுறை ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: சென்ட்ரல் லைன்

கழுத்துச் சிரையில் ஊசி நுழைந்து, குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியான கைடுவயரை உள்ளே விடுகிறீர்கள். மற்ற நோயாளிகளில் வயர் கொஞ்சம் ஆழம் போனால் ஓரிரு துடிப்பு தவறும், பின்னிழுத்தால் சரியாகும். இங்கே அந்த மேலறையாகிப்போன கீழறைப் பகுதி தொட்டால்சிணுங்கி. வயர் நுனி பட்டால் தொடர்ந்து துள்ளத் தொடங்கிவிடலாம். ஆகவே அல்ட்ராசவுண்டு பார்த்துக் குத்துங்கள், எத்தனை சென்டிமீட்டர் போக வேண்டும் என்று முன்பே கணக்கிட்டு அதற்கு மேல் விடாதீர்கள், ஒருவர் ஈசிஜியை விட்டுக் கண்ணை எடுக்காமல் ‘துள்ளுது’ என்று குரல் கொடுக்கட்டும். நுரையீரல் தமனிக் குழாயை நான் இங்கே போடுவதில்லை. வால்வைத் தாண்டி அதைச் செலுத்துவதே பாடு, கசிவால் அதன் கணக்கும் பிழையாகும், அறுவையிலும் குறுக்கே நிற்கும்.

இன்னொன்று. வால்வு இவ்வளவு கசிந்தும் சிரை அழுத்தம் 7, 8 மில்லிமீட்டர் பாதரசம் என்று சாதாரணமாகக் காட்டுவது உண்டு. ஊதித் தளர்ந்த மேலறை கசிவை எல்லாம் விழுங்கிக்கொள்வதால் அது எண்ணில் தெரிவதில்லை.

தமனி லைன், மூளை ஆக்ஸிஜன் அளவி, வெப்பமானிகள், உணவுக்குழாய் எக்கோ ஆகியவை வழக்கம்போலத்தான்.

துடிப்பு ஓடினால்

இதற்குப் படி எண் போட முடியாது. எங்கே வேண்டுமானாலும் வரும். அழுத்தம் விழுந்தால் யோசிக்காமல் துடிப்போடு இசைந்த மின்னதிர்ச்சி: கிலோவுக்கு 0.5 முதல் 1 ஜூல், கேட்காவிட்டால் 2. அழுத்தம் நின்று, துடிப்பு குறுகலாகவும் சீராகவும் ஓடினால் அடினோசின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், வேகமாக. அதுவும் குளத்தைக் கடந்துதான் வர வேண்டும் என்பதால் சென்ட்ரல் லைன் வழியே கொடுத்து, உப்புநீரால் அடித்துத் தள்ளுங்கள். துடிப்பு அகலமாகவும் ஒழுங்கற்றும் இருந்தால், அது மின்பாதை வழியே இறங்கும் மேலறை நடுக்கமாக இருக்கலாம். அங்கே அடினோசின், வெராபமில், டிகாக்சின் எல்லாம் விஷம். இயல்பான பாதையை அடைத்தால் எல்லா மின்னலையும் கூடுதல் பாதை வழியே இறங்கி, கீழறை நடுங்கி நின்றுவிடும். மின்னதிர்ச்சிதான் பாதுகாப்பு.

படி 5: பம்பில்

இங்கே அதிகம் சொல்ல இல்லை. உறைதலைத் தடுக்க ஹெப்பாரின் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட், ஏசிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 480 நொடியைத் தாண்டியபின் பம்ப், கசிவைக் குறைக்க டிரானெக்ஸமிக் அமிலம். நீலம் பாரித்தவர்களுக்குத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் வேலையில் மந்தமாக இருக்கலாம். ரத்தக்கசிவுக்குத் தயாராக இருங்கள்.

அறுவை நிபுணர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். பிரேசிலின் ஜோஸே பெட்ரோ டா சில்வா 1993இல் தொடங்கிய கூம்பு முறையில், ஒட்டிக்கிடக்கும் இதழ்களை முழுதாகப் பிரித்து, சுழற்றி, ஒரு கூம்பாகத் தைத்து, வால்வு இருக்க வேண்டிய உண்மையான இடத்தில் பொருத்துவார்கள். மேலறையாகிப்போன பகுதியை மடித்துத் தைப்பார்கள். அந்த மடிப்பும் வளையத் தையலும் போகும் பள்ளத்தில்தான் வலது கொரோனரி ஓடுகிறது. தையல் இழுத்தால் அது மடங்கும். இதை மனதில் குறித்துவையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

படி 6: பம்பை விட்டு வெளியே

முழு அறுவையிலும் கடினமான இருபது நிமிடம் இது. யோசித்துப் பாருங்கள்: நேற்றுவரை இந்தக் கீழறை சுருங்கும்போது, பாதி ரத்தம் எளிதாகப் பின்பக்கம் மேலறைக்கு ஓடியது. இன்று அந்தக் கதவு மூடிவிட்டது. பம்பில் களைத்துப்போன அதே மெல்லிய தசை, மொத்த ரத்தத்தையும் முன்னோக்கி நுரையீரலுக்குள் தள்ள வேண்டும். வால்வு அழகாக அமைந்தபிறகு கீழறை தடுமாறுவது இதனால்தான்.

எனவே மகாதமனிக் கவ்வியைக் கழற்றியதும், இதயச் சுருக்கத்துக்கு வலுவூட்டும் மில்ரினோன் நிமிடத்துக்கு, கிலோவுக்கு 0.25 முதல் 0.75 மைக்ரோகிராம் ஓடட்டும். கூடவே சிறிதளவு அட்ரினலின், அதே அலகில் 0.02 முதல் 0.05. மில்ரினோன் உடல் அழுத்தத்தை இறக்கும். இறங்கினால் வலது கொரோனரிக்கு ரத்தம் குறையும், கீழறை இன்னும் சோரும். அந்தச் சுழலை உடைக்க வாசோபிரசின் எனக்குப் பிடித்தது, நுரையீரல் குழாய்களைச் சுருக்காமல் உடல் அழுத்தத்தை நிறுத்தும். கீழறை சோர்வது தெரிந்தால் நைட்ரிக் ஆக்சைடு 20 பிபிஎம், காத்திருக்க வேண்டாம். துடிப்பு மேலறை-கீழறை ஒழுங்கில் இருக்க வேண்டும். அறைகளுக்கு நடுவே மின்தடை இருந்தால் இரு அறை பேஸிங் (மின்தூண்டலால் துடிக்கவைப்பது).

இப்போது திரவம். அழுத்தம் குறைவு, கை பம்ப் ரத்தத்தைக் கேட்கும். கேட்பதற்கு முன் எக்கோவைப் பாருங்கள். வலது கீழறை ஊதி, நடுச்சுவர் இடப்பக்கம் சாய்ந்து, இடது கீழறை பிறை மாதிரி நசுங்கியிருந்தால், ஊற்ற ஊற்ற நிலைமை மோசமாகும். காலியாகத் தெரிகிற இடது கீழறைக்கு ரத்தம் வேண்டும் என்பது உண்மை; வலது தள்ளினால்தான் அது வரும். பம்பை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டிடம் ‘பத்து எம்எல், நிறுத்து’ என்ற அளவில் பேசுங்கள். சிரை அழுத்தம் 10ஐ ஒட்டி இருந்தால் எனக்குத் திருப்தி. 15ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவேன்.

எக்கோவில் பார்க்க வேண்டியது நான்கு: மிச்சக் கசிவு, வால்வு குறுகிவிட்டதா, வலது கீழறையின் சுருக்கம், நடுச்சுவரில் வேண்டுமென்றே சிறு துளை விட்டிருந்தால் அதன் ஓட்டம். வலது கீழறையின் ஒரு சுவர் மட்டும் திடீரென்று அசையாமல், ஈசிஜியில் இரண்டாவது, மூன்றாவது, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி பகுதி மேலேறினால் (தசைக்கு ரத்தம் போதாததன் அறிகுறி) வலது கொரோனரிக்குள் போன காற்றுக்குமிழியாக இருக்கலாம். அழுத்தத்தை உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளியும். தெளியாவிட்டால் கொரோனரி மடங்கியிருக்கிறது என்று உரக்கச் சொல்லுங்கள். மருந்தைக் கூட்டிக்கொண்டே ஒப்பேற்றினால் ஐசியூவில் இழப்போம். தையலைத் தளர்த்த வேண்டியது அறுவை நிபுணர். சொல்ல வேண்டியது நாம்.

கீழறை தாங்காது என்று தெரிந்தால் மேற்பெருஞ்சிரையை நேரடியாக நுரையீரல் தமனியோடு இணைக்கும் கிளென் இணைப்பைச் சேர்ப்பார்கள். அத்தோடு சில விதிகள் தலைகீழாகும். இதுவரை கரியமில வாயுவைக் குறைத்துவைத்தோம். இனி குறைத்தால் மூளை ரத்த ஓட்டம் சுருங்கும். மூளையிலிருந்து இறங்கும் ரத்தம்தான் நுரையீரலுக்குப் போகிறது என்பதால் ஆக்ஸிஜன் அளவும் விழும். ஆக, இயல்பிலேயே விடுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். கழுத்துக் குழாயில் தெரியும் எண்ணும் இனி நுரையீரல் தமனி அழுத்தம். சிரை அழுத்தம் என்று எண்ணி மருந்து மாற்றிவிடாதீர்கள். ஐசியூ படிவத்தில் இதைப் பெரிதாக எழுதுங்கள்.

ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் மெதுவாக. வேகமாகப் போனால் நுரையீரல் அழுத்தம் எகிறலாம். இந்தக் கீழறைக்கு அது தாங்காது.

படி 7: ஐசியூ

வென்டிலேட்டரின் ஒவ்வொரு தள்ளலும் வலது கீழறைக்கு எதிர்ச்சுமை. எனவே கீழறை நன்றாக இருந்தால் சீக்கிரம் குழாயை எடுப்பது நல்லது. அரங்கிலேயே எடுப்பவர்களும் உண்டு. கீழறை சோர்ந்திருந்தால் அவசரம் வேண்டாம், ஓர் இரவு தூங்கட்டும். வலியை அடக்காமல் குழாயை மட்டும் எடுப்பதில் பயனில்லை. மார்பெலும்பு ஓரத்திலோ முதுகுத் தசைத்தளத்திலோ போடும் நரம்புத் தடுப்பு, பாராசிட்டமால், குறைந்த அளவு ஃபென்டனில், டெக்ஸ்மெடடோமிடின் என்று கலந்து கொடுத்தால் மூச்சு மந்தமாகாது.

ஜங்ஷனல் வேகத்துடிப்பு (மேலறை-கீழறைச் சந்திப்பிலிருந்து கிளம்பும் வேகத்துடிப்பு) முதல் இரண்டு நாளில் வரலாம். காய்ச்சலை விடாதீர்கள், பொட்டாசியமும் மெக்னீசியமும் நிறைவாக இருக்கட்டும், அட்ரினலினைக் குறைக்க முடியுமா பாருங்கள், அப்புறம்தான் அமியோடரோன். நைட்ரிக் ஆக்சைடைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் திரும்பி எகிறும். 20இலிருந்து 10, 5, பிறகு ஒவ்வொன்றாக.

பிறந்த குழந்தை என்றால்

அது வேறு உலகம், தனியாகவே எழுத வேண்டும். நுரையீரல் அழுத்தம் இன்னும் இறங்காத முதல் நாட்களில், வலது கீழறையால் நுரையீரல் வால்வைத் திறக்கக்கூட முடியாமல் போகலாம். வால்வு உண்மையிலேயே அடைந்திருக்கிறதா, தள்ளப் பலமில்லாததால் மூடியே கிடக்கிறதா என்பது முக்கியமான கேள்வி. புரோஸ்டாகிளாண்டின் ஊசியால் டக்டஸை (மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும், பிறந்தபின் மூடும் குழாயை) திறந்துவைத்துக் காலம் வாங்குவார்கள். ஆனால் நுரையீரல் வால்வும் கசிந்தால், டக்டஸ் வழியே வந்த ரத்தம் நுரையீரல் தமனி, வலது கீழறை, மேலறை, துளை, இடப்பக்கம், மகாதமனி, திரும்ப டக்டஸ் என்று உடலுக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றில் மாட்டிய குழந்தைக்கு புரோஸ்டாகிளாண்டினை நிறுத்துவதுதான் வைத்தியம். பெரிய இதயம் அமுக்கியதால் நுரையீரல்களும் வளராமல் இருக்கலாம், வென்டிலேட்டரில் அதையும் கணக்கில் வையுங்கள்.